அஞ்சலை நீட்டிய இரண்டு கைகள்

எங்கள் வீட்டு வாசலில் அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அஞ்சலை என் மனைவி. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருக்கிறாள். சாமி கும்பிடுகிற மாதிரி சேர்த்து அல்ல. ஒரு கை இடது பக்கம் சாய்ந்து, ஒரு கை வலது பக்கம் சாய்ந்து, நடுவில் ஆள் நுழைகிற அளவு இடம் விட்டு. இரண்டு மணிக்கட்டிலும் தையல் நூல் கட்டியிருக்கிறது. நூல் நுனியில் பக்கத்துக்கு ஒன்றாக உப்புக்கட்டி தொங்குகிறது.

எங்கள் மகள் கௌசல்யா தரையில் குந்தியிருக்கிறாள். அப்போது அவள் ஏழாவது வகுப்பு. உப்புக்கட்டி ஆடி நின்றதும், அதற்கு நேர் கீழே தரையில் ஆணியால் புள்ளி வைக்க வேண்டும். அது நிற்க மாட்டேன் என்கிறது.

"ஆடாதம்மா. கட்டி ஆடுது பாரு."

"நா எங்கடி ஆடறேன். காத்து ஆட்டுது."

"அங்க மட்டும் காத்து இல்லியா? அங்க எப்டி நிப்பியோ அப்டி நில்லு."

தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டு அம்மா நின்று பார்த்தாள். "இன்னாடி அஞ்சல, உப்பளத்துல வேல இல்லன்னு டிராபிக் போலீசு ஆயிட்டியா?"

அஞ்சலை கண்ணைத் திறக்கவில்லை. "கொடத்த ஓரமா எடுத்துகினு போக்கா. இல்லன்னா கேஸ் போட்ருவேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே போனாள். பிள்ளைகளே, உங்களுக்கும் சிரிப்பு வரலாம். ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் விளையாடவில்லை. காணாமல் போன ஒரு இடத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். எங்கள் முதல் பிள்ளை அந்த இடத்தில் இருந்தான்.

கல் வைக்காத இடம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் உப்பு வாருகிற கதை எழுதினேன். இந்த வாரம் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம். கணக்கைக் கண்டு உங்களைவிட அதிகமாகப் பயந்தவன் நான். எட்டாவதோடு நின்றவன். ஒரு பரீட்சையில் முக்கோணம் போட்டு, இரண்டு மூலையில் எண் கொடுத்து, மூன்றாவது மூலையில் கேள்விக்குறி வைத்திருந்தார்கள். விடுபட்ட கோணம் எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். நான் "கொடுக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டு வந்தேன். சாரும் சிரித்தார், வகுப்பும் சிரித்தது. எனக்கு மட்டும் இன்றைக்கும் அது சரியான பதில் மாதிரிதான் படுகிறது.

மரக்காணத்து உப்பளத்தில் எனக்குக் கூலி வேலை. அஞ்சலைக்கும் அதே வேலை. கல்யாணமான மறு வருஷம் ஒரு பையன் பிறந்தான். மூன்று மாதம் இருந்தான். காய்ச்சல் வந்தது, திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், திரும்பி வந்தோம். பெயர் வைக்கவில்லை. தம்பி தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் பக்கம் கைக்குழந்தையை எரிப்பதில்லை, புதைப்போம். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் சுவரோரம் ஆரம்பித்து ஒரு வரப்பு கிழக்கே கடலைப் பார்த்துப் போகும். நேரான வரப்பு. கயிறு பிடித்துப் போட்டது. வரப்பு முடிந்ததும் மணல். அதே நேரில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு தாழம்புதர். அதன் பக்கத்தில் பையனை வைத்தோம்.

கல் நடவில்லை. முதல் பிள்ளைக்குக் கல் நட்டால், அந்தக் கல்லைத் தேடித் தேடி அது வந்துகொண்டே இருக்கும், அடுத்த பிள்ளையைத் தங்க விடாது என்று எங்கள் சனங்களுக்கு ஒரு பயம். பெற்றவளும் அன்றைக்கு அங்கே வரக் கூடாது. அஞ்சலை வீட்டிலேயே இருந்தாள்.

ஒரு மாதம் கழித்து, "என்ன ஒருவாட்டி இட்டுகினு போங்க" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். இடத்தைக் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். கரைப் பக்கம் வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி மோட்டார் கொட்டகையைக் காட்டினாள். வலது கையை நீட்டி மீனவர் குப்பத்து அம்மன் கோயில் கலசத்தைக் காட்டினாள். அப்படியே நின்றாள்.

"இன்னா பண்ற?" என்றேன்.

"கல்லு வெக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க. கைய வெக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

அதுதான் அவள் நட்ட கல். வருஷா வருஷம் ஆடி மாதத்தில் அவன் போன நாளில் ஒரு சொம்பு பால் எடுத்துக்கொண்டு போவோம். முதலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டிப் பார்ப்பாள். இரண்டும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தால்தான் பாலை ஊற்றுவாள்.

மறு வருஷம் கௌசல்யா பிறந்தாள். தங்கினாள்.

கடல் வந்த பிறகு

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் அதிகம் சொல்லப் போவதில்லை. சுனாமி என்ற வார்த்தையே எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. கடல் உள்ளே வந்தது, போனது. வேலை இல்லாத நாளாக இருந்ததால் எங்கள் தெருவில் எல்லோரும் வீட்டில் இருந்தோம். எங்கள் தெருவில் யாரும் போகவில்லை. குப்பத்தில் போனார்கள். மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் போனார்கள்.

அதனால் எங்களுக்கு ஒரு சங்கடம். எங்களுக்கும் ஒன்று போயிருந்தது. அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

சில நாள் கழித்துக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வீடு வீடாக ஒரே கேள்விதான். எங்கள் வாசலில் நின்றும் கேட்டார். "உங்க வீட்ல யாராச்சும் போயிட்டாங்களாம்மா?"

அஞ்சலை, "ஒரு பையன்" என்றாள்.

"வயசு?"

"மூணு மாசம்."

நான் உள்ளேயிருந்து ஓடி வந்தேன். "சார், சார், அது பழசு சார். அவன் இருந்திருந்தா இப்ப பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும். வெச்ச எடம்தான் சார் போயிடுச்சி."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அஞ்சலை என்னைப் பார்த்து, "நா பொய் சொல்லல" என்றாள். "அவரு கேட்டாரு. சொன்னேன்."

மணலுக்குப் போய்ப் பார்த்தோம். தாழம்புதர் இல்லை. மேடு இருந்த இடம் பள்ளம், பள்ளம் இருந்த இடம் மேடு. வரப்பில் கொட்டகையை ஒட்டிய துண்டு மட்டும் பல் மாதிரி மிச்சம் இருந்தது. அஞ்சலை கைகளை நீட்டிக்கொண்டு நடந்தாள். நின்றாள். தலையை ஆட்டினாள். திரும்பவும் நடந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்றாள். கை அதே கைதான், இடம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

நான்கைந்து நாள் இப்படிப் போனாள். உப்பளத்துக்காரன் பொண்டாட்டிக்கு அலை அடித்ததில் புத்தி கலங்கிவிட்டது, வெயிலில் கையை விரித்துக்கொண்டு திரிகிறாள் என்று கடைத்தெருவில் பேச்சு வந்தது. அதன் பிறகு நான் அவளைப் போக விடவில்லை. ஆடி மாதம் மட்டும் நெருங்கிக்கொண்டே இருந்தது.

காலண்டர் தாள்

ஒரு சாயங்காலம் கௌசல்யா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்தாள். அதை முக்கோணமாக வெட்டினாள். மூன்று மூலையையும் பிய்த்தாள். பிய்த்த மூன்று துண்டையும் கூர் முனைகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அடிப்பக்கம் ஒரே நேர்கோடாக வந்தது.

"பாத்தியாப்பா? நூத்தி எம்பது டிகிரி."

"நீ அதுக்குத் தோதா வெட்டியிருப்ப" என்றேன்.

"நீயே வெட்டு."

வேண்டுமென்றே கோணல்மாணலாக, சூடை மீன் மாதிரி ஒல்லியாக வெட்டிக் கொடுத்தேன். அதுவும் நேர்கோடாக வந்தது. இன்னொன்று உப்புக் குவியல் மாதிரி அகலமாக வெட்டினேன். அதுவும் வந்தது. நீங்களும் வெட்டிப் பாருங்கள். எப்படி வெட்டினாலும் மூன்று மூலையும் சேர்ந்தால் அதே அளவுதான். ஒன்று பெருத்தால் இன்னொன்று இளைக்கும்.

"அதனால ரெண்டு மூலை தெரிஞ்சா போதும்பா. மூணாவத யாரும் குடுக்க வேணாம். நூத்தி எம்பதுல கழிச்சா மீதி அதுதான்."

கொடுக்கப்படவில்லை என்று எழுதிவிட்டு வந்த பையன் எனக்குள் இருந்து எட்டிப் பார்த்தான்.

அரிசி களைந்துகொண்டிருந்த அஞ்சலை கையை நிறுத்தினாள். "ரெண்டு இருந்தா போதுமா?"

"போதும்மா."

"எங்கிட்ட ஒண்ணு இருக்குது" என்று ஈரக் கைகள் இரண்டையும் நீட்டினாள்.

நாங்கள் தம்பி என்று கூப்பிட்ட ஒரு அண்ணன் இருந்தது கௌசல்யாவுக்குத் தெரியும். வருஷா வருஷம் கூட வந்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குத்தான் கேட்டாள். "எல்லாரும் கல்லு வெக்கறாங்க. நீங்க ஏன் வெக்கல?"

அஞ்சலை அரிசியைப் பார்த்தாள். நான் சொன்னேன். அடுத்த பிள்ளை தங்க வேண்டும் என்றுதான்.

"அடுத்த புள்ளன்னா நானா?"

ஆமாம் என்றேன்.

அவள் காலண்டர் துண்டுகளைப் பொறுக்கி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் போட்டு மூடினாள். இரண்டு நாள் அதைத் திறக்கவே இல்லை. மூன்றாவது நாள் காலையில் அம்மாவிடம் போய், "தைக்கிற நூல் எங்கம்மா இருக்குது?" என்று கேட்டாள். அப்புறம்தான் நான் முதலில் சொன்ன அந்த வாசல், அந்த உப்புக்கட்டி எல்லாம்.

மூன்று தடவை நிற்க வைத்து, அம்மா நின்ற இடத்திலிருந்து இரண்டு புள்ளிக்கும் கோடு இழுத்து, நடுவில் உள்ள கோணத்தை அளந்தாள். முதல் தடவை அறுபத்து மூன்று டிகிரி. அடுத்து அறுபத்தைந்து. கடைசித் தடவை கை இன்னும் கொஞ்சம் அகண்டு அறுபத்தெட்டு வந்தது. கை வலித்திருக்கும். இல்லையென்றால், யாரோ எதையோ நீட்டுகிறார்கள், வாங்கிக்கொள்வோம் என்று அகண்டதோ என்னவோ. கௌசல்யா நடுவில் இருந்த அறுபத்தைந்தை எடுத்துக்கொண்டாள்.

பிஸ்கட் பெட்டியில் ஒரு கோணமானி

இனி கணக்கைச் சொல்கிறேன். மனசில் ஒரு முக்கோணம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மூலை மோட்டார் கொட்டகை. ஒரு மூலை கோயில். மூன்றாவது மூலையில் பையன் இருக்கிறான். பையன் இருக்கிற மூலையின் கோணம் அஞ்சலையின் கைகளில் இருக்கிறது. கொட்டகை மூலையின் கோணத்தை நேரில் போய் அளக்கலாம், மிச்ச வரப்பு ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம். கோயில் மூலையின் கோணம்தான் தெரியாது. அதைக் கழித்துக் கண்டுபிடித்துவிட்டால், கோயிலில் நின்று அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். அந்தப் பார்வை வரப்புக் கோட்டை எங்கே வெட்டுகிறதோ, அங்கே பையன்.

பள்ளிக்கூடத்துக் கோணமானி உள்ளங்கை அளவு. அதனால் நிவாரணத்தில் வந்த பிஸ்கட் பெட்டி அட்டையைப் பிரித்து, அதில் பெரியதாக ஒன்று வரைந்தாள். நடுவில் ஆணி, ஆணியில் இரண்டு கயிறு. கொட்டகைச் சுவரோரம் வைத்துப் பார்த்தாள். எண்பத்தைந்து. எண்பத்தைந்தும் அறுபத்தைந்தும் நூற்றைம்பது. மீதி முப்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினோம். மிச்ச வரப்பின் நேரில் முளை அடித்து, கயிறு கட்டிக்கொண்டு நான் கிழக்கே நடந்தேன். கையில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில். கௌசல்யா குப்பத்துக் கோயில் வாசலில் அட்டையை வைத்து முப்பதில் கயிற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பார்வைக்குள் வந்ததும் கையைத் தூக்கினாள். நின்றேன்.

நின்ற இடம் உப்புப் பாத்தி. முழங்கால் வரை சேறு.

அஞ்சலை பாத்தி ஓரம் வந்து பார்த்தாள். "உப்புலயா வெச்சோம் புள்ளைய?" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. உப்பு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். உப்பு அரித்த எங்கள் இரண்டு பேர் காலையும் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

கௌசல்யா ஓடி வந்தாள். சேற்றில் நான் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் சின்னதாகிவிட்டது. பாத்தி ஓரத்து மண்ணிலேயே விரலால் எழுதிக் கூட்டினாள், கழித்தாள். "கணக்கு சரிதாம்பா" என்றாள். திரும்பவும் கூட்டினாள். "சரிதாம்பா இது."

கோயில் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஏழுமலை, காலையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். குப்பத்துக்காரன். எனக்குப் பழக்கம்தான், ஆனால் கடல் வந்த பிறகு நான் அவனோடு சரியாகப் பேசியதில்லை. அவனுடைய ஒரே பையன் அன்றைக்கு மணலில் இருந்தான். கிடைக்கவே இல்லை.

"ஏம்பா, கயிறு கட்டி இன்னா அளக்கறீங்க?" என்று வந்தான். "கவர்மெண்டு பிளாட்டு எதனா தருதா? எனக்கும் சேத்து அளந்து வையி."

அவனிடம் எப்படிச் சொல்வது? எப்போதோ போன பிள்ளையின் இடத்தைத் தேடுகிறோம் என்று, பிள்ளையையே தேடி அலைந்தவனிடம் சொல்வதா? அஞ்சலைதான் சொன்னாள். கைகளை நீட்டியும் காட்டினாள். அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"இந்தக் கை எப்பலேந்து நீட்ற கை?"

"அவன் போனதுலேந்து அண்ணா."

"அப்ப ஆத்தா இங்க இல்லியேம்மா."

எங்களுக்குப் புரியவில்லை. அவன் கடல் பக்கம் நடந்தான். பின்னாலேயே போனோம். ஓர் இடத்தில் காலால் மணலை ஒதுக்கினான். காவியும் வெள்ளையும் பட்டை அடித்த செங்கல் தெரிந்தது. "இங்க இருந்தா. அலை இடிச்சிட்டுப் போன பொறவு, இன்னும் கிட்டக்க வேணாம்னு மேக்கால தள்ளிக் கொண்டாந்து வெச்சோம்ல? நீயும்தான் வந்து கூழு குடிச்சியே."

குடித்தேன். மேளம் அடித்து, குடத்தில் அம்மனை அழைத்து, ஊரே பின்னால் நடக்க மேற்கே கொண்டுபோய் வைத்ததைப் பார்த்தேன். அப்படியிருந்தும் இந்தத் தப்பு. அம்மன் எங்கே இருக்கிறாளோ அதுதான் கோயில். அவள் கிளம்பிப் போன இடத்தைக் கோயில் என்று நினைக்கக்கூட எங்களுக்கு வராது. அதே சூலம், அதே முகம், அதே பெயர். இடம் மாறியது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, கணக்குக்குத் தெரியவில்லை. அஞ்சலையின் கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அது பழைய கலசத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் அவள் நடந்து நடந்து எங்கேயும் நிலையாக நிற்க முடியாமல் போயிருக்கிறது.

மீதி

எங்கள் பையன் போன நாள் வந்தது. காலையில் சொம்பில் பால் எடுத்துக்கொண்டோம். பழைய செங்கல்லுக்கு மேல் ஏழுமலை மூங்கிலை நட்டுப் பிடித்துக்கொண்டான். கலசத்துக்குப் பதிலாக நுனியில் அவன் துண்டு. கொட்டகையிலிருந்து பார்த்தாள் கௌசல்யா. இந்தத் தடவை எழுபது. எழுபதும் அறுபத்தைந்தும் நூற்று முப்பத்தைந்து. மீதி நாற்பத்தைந்து.

மூங்கில் பக்கத்தில் அட்டையை வைத்து அவள் பார்க்க, நான் வரப்புக் கோட்டில் கயிற்றோடு நடந்தேன். போன தடவை நின்ற சேற்றைத் தாண்டினேன். பாத்திகள் முடிந்தன. மணல் வந்தது. அவள் கையைத் தூக்கியபோது என் காலடியில் ஒன்றும் இல்லை. வெறும் மணல். சிப்பித் துண்டுகள்.

அஞ்சலை வந்தாள். நான் நின்ற இடத்தில் நின்று, கடலுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் நீட்டினாள். பிறகு கண்ணைத் திறந்தாள். இடது கை கொட்டகையில் இருந்தது. வலது கை ஏழுமலையின் துண்டில் இருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்த மகளிடம், "இங்கதானாடி?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு வார்த்தைதான்.

கௌசல்யா சொல்லவில்லை. "மூணு வாட்டி அளந்தேம்மா" என்றாள். "மூணும் ஒண்ணா வரல. நடுவுல வந்தத எடுத்துகினேன். கை கொஞ்சம் கம்மியா இருந்தா எடம் கடல் பக்கம் தள்ளிப் போவும். ஜாஸ்தியா இருந்தா கொட்டாய் பக்கம் வரும்."

"எவ்ளோ தள்ளி?"

அவள் ஓடிப் போய் அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். என்னை முன்னால் போகச் சொன்னாள், பின்னால் வரச் சொன்னாள். கடல் பக்கம் ஒரு குச்சி, கரைப் பக்கம் ஒரு குச்சி நட்டோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தெரு அளவு மணல்.

அஞ்சலை ஒரு குச்சியைப் பார்த்தாள். இன்னொரு குச்சியைப் பார்த்தாள். சொம்பு அவள் இடுப்பில் இருந்தது. அதற்குள் ஏழுமலையும் மூங்கிலை அப்படியே நட்டுவிட்டு வந்திருந்தான்.

"பாப்பா, கோட்ட வுட்டு வெளிய போவாதில்ல?" என்று கேட்டான்.

"போவாது மாமா. இந்தக் கோட்லதான் எங்கயோ."

அவன் அந்த மணலைப் பார்த்தான். "உனக்கு ஒரு கோடாச்சும் இருக்குது தங்கச்சி" என்றான்.

அஞ்சலை கரைப் பக்கக் குச்சியிடம் போனாள். சொம்பைச் சாய்த்தாள். எப்போதும் ஒரே இடத்தில் குபுக்கென்று ஊற்றுவாள். அன்றைக்கு நூல் மாதிரி விட்டாள். அப்படியே கடலைப் பார்த்து நடந்தாள். பால் விழுந்த இடம் கொஞ்சம் கறுத்து, பிறகு வெளுத்தது. குனிந்தே நடந்தாள். நடுவில் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, அறுபத்தைந்து காட்டிய இடத்தில்கூட. எந்த இடத்தையும் விட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி ஒரே சீராக ஊற்றிக்கொண்டு போனாள். கௌசல்யா பின்னாலேயே, அந்தக் கோட்டை மிதிக்காமல், பக்கத்தில் கால் வைத்து நடந்தாள்.

இரண்டாவது குச்சி வந்தது. சொம்பில் இன்னும் கொஞ்சம் பால் இருந்தது. மீதியை அங்கேயே கொட்டிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சொம்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்து ஏழுமலையிடம் நீட்டினாள்.

"அண்ணா."

அவன் வாங்கவில்லை. "எனக்கு எதுக்கும்மா" என்றான். அவள் நீட்டியபடியே நின்றாள். கடைசியில் வாங்கிக்கொண்டான்.

கடல் ஓரமாகப் போனான். தண்ணீர் கணுக்காலைத் தொடுகிற இடத்தில் நின்றான். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். திரும்பி மோட்டார் கொட்டகையைப் பார்த்தான். தான் நட்டுவிட்டு வந்த மூங்கிலையும் அதில் ஆடுகிற துண்டையும் பார்த்தான். பிறகு மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

எங்கள் கௌசல்யா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அட்டை அவள் கையில் இருந்தது. ஏழுமலை சொம்போடு கையை நீட்டினான். ஒரு கைதான் நீண்டிருந்தது. ஒரு கையில் கோணம் இல்லை. கௌசல்யா அட்டையை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.